அத்தர் பட்ட கூறைச் சாறி

என் கணவர் மவுத்தாகி நாற்பது நாள்கூட ஆகியிருக்காது. பக்கத்து வளவுச் சாச்சி ஒரு பட்டுச் சாறியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்துவிட்டு, "சும்மாதானே இரிக்காய் புள்ள, இதக் கொஞ்சம் மடிப்பு மாத்தி வையன்" என்றா.

சும்மாதான் இருந்தேன், அதில் பொய்யில்லை. எண்பத்தொன்றாம் ஆண்டு, எனக்கு இருபத்திமூன்று வயது. கல்முனைக்குக் கொஞ்சம் தெற்கே, கடல் இரைச்சல் கேட்கிற ஊரில், எனக்குச் சீதனமாக எழுதித் தந்த வீட்டின் நடு அறையில் இத்தா இருந்தேன். புருஷன் இறந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்க வேண்டும். வெள்ளை உடுப்புத்தான். நகை இல்லை, பூ இல்லை, வாசனை இல்லை. உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரத்தால்தான் உடம்பும் கழுவினேன். இவ்வளவும் மார்க்கம் சொன்னது. அறைவாசலில் வெள்ளைச் சீலை தொங்கவிட்டது, கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்தது, ஜன்னல் கண்ணாடிக்குக் கடதாசி ஒட்டியது எல்லாம் ஊர் சேர்த்துக்கொண்டது. எது மார்க்கம், எது ஊர் என்று அப்போது எனக்கு யாரும் பிரித்துக் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. முதல் மாதம் எனக்கு அந்தச் சுவர் தேவையாகவும் இருந்தது.

அவர் கல்முனை பசாரில் ஒரு புடவைக்கடையில் வேலை செய்தவர். பட்டுச் சாறிப் பக்கம் முழுக்க அவர் பொறுப்பு. ஐந்து நாள் காய்ச்சலில் கிடந்தார், ஆறாம் நாள் இல்லை. இரண்டு வருஷம்தான் குடும்பம் நடத்தினோம், பிள்ளையில்லை. கடையில் நடந்ததையெல்லாம் சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னால் இருந்து சொல்லுவார். வேறு புருஷன்மார் வயல் கதை, மீன் கதை கதைப்பார்கள், இவர் சரிகைக் கதை கதைப்பார். பட்டைக் கொடியில் தொங்கப்போடக் கூடாது, சரிகையின் பாரத்தில் துணி இழுபடும். வருஷக்கணக்கில் ஒரே மடிப்பில் வைத்தால் அந்த மடிப்போடேயே வெடித்துக்கொண்டு போகும். பூச்சி உருண்டை சரிகையில் முட்டினால் சரிகை கறுக்கும், அதனால் வசம்பைத் துணியில் முடிந்து தள்ளி வைக்க வேண்டும். வெயில் காட்டாமல் காற்று மட்டும் காட்ட வேண்டும். இதையெல்லாம் நான் காதில் வாங்காத மாதிரித்தான் சோறு போட்டேன். அவர் போன பிறகு பார்த்தால் ஒரு சொல்லும் மறக்கவில்லை. அழுகை வருகிற நேரங்களில் அவருடைய முகத்தைவிட அந்தச் சரிகைக் கதைகள்தான் முதலில் வந்தன.

சாச்சியின் சாறியை விரித்து, வசம்பு வைத்து, மடிப்பை மாற்றிக் கொடுத்தேன். அடுத்த கிழமை தெருவே வந்துவிட்டது. ஒருத்தி கொண்டுவந்த பச்சைக் காஞ்சிபுரத்தை அலுமாரிக்கு மேலே தகரப் பெட்டிக்குள் ஆறு வருஷம் வைத்திருந்தாளாம், விரித்தபோது முந்தானை மடிப்பிலேயே கிழிந்து இரண்டாக வந்தது. இன்னொருத்தியின் பெனாரஸில் வட்டிலப்பம் காய்ந்து ஒட்டியிருந்தது. யாருடைய கலியாணத்தில் சாப்பிட்ட வட்டிலப்பம் என்று கேட்டேன், அவளுக்கே ஞாபகமில்லை. மூன்று மாதத்துக்கு ஒருக்கால் வெளியில் எடுத்து மடிப்பு மாற்றாவிட்டால் பட்டு உளுத்துப்போகும் என்று நான் சொல்லச்சொல்ல, எல்லாரும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு போனார்கள். சாறிக்கு இவ்வளவு இரங்குகிற மனிசர் அந்த அறையில் சாறியை மட்டும்தான் பார்த்தார்களா என்று எனக்கு எரிச்சல் வரும். வெளியே சொல்ல மாட்டேன். அவர்கள் வந்தால்தான் எனக்கு ஊர்ப் புதினம் வரும்.

இப்படி மூன்று மாதம் கழிந்த பிறகுதான் ஒரு கடிதம் வந்தது. நான் உயர்தரப் பரீட்சை பாஸ் பண்ணிவிட்டு, கலியாணத்துக்கு முதல் ஒரு வருஷம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சம்பளமில்லாத தொண்டராகப் படிப்பித்தவள். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள். அப்போதே ஆசிரியர் நியமனத்துக்கு விண்ணப்பம் போட்டிருந்தேன், அது கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. இப்போது, மூன்று வருஷம் கழித்து, மட்டக்களப்பில் நேர்முகப் பரீட்சைக்கு வரச்சொல்லிக் கடிதம். தேதியைப் பார்த்து விரல்விட்டு எண்ணினேன். இத்தா முடிய அப்போது இன்னும் பதினேழு நாள் இருக்கும்.

பதினேழு நாள்! அதை நினைத்து அந்த அறைக்குள் நடந்தேன், எட்டு அடி போனால் சுவர், திரும்பி எட்டு அடி. எனக்குப் பிள்ளையில்லை, புருஷனில்லை. வாப்பாவுக்குக் குத்தகை வயல், வெள்ளாமை சரிவந்தால் சாப்பாடு. எனக்குக் கீழே இரண்டு தங்கைமார் கலியாணமாகாத குமராக நின்றார்கள். எனக்கென்று ஒரு சம்பளம் வருமென்றால் அது இந்தக் கடிதத்தால்தான் வரும். அதைவிட, காலையில் உடுத்துக்கொண்டு வெளியே இறங்கிப் போகிற ஒரு வாழ்க்கை எனக்கு வேண்டியிருந்தது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, இப்போதும் சொல்கிறேன்.

வாப்பாவிடம் கேட்டேன். சீலைக்கு அந்தப் பக்கம் நின்று தொண்டையைச் செருமிவிட்டு, "உம்மாட்டக் கேளு மகள்" என்றார். எல்லாவற்றுக்கும் அவருடைய பதில் அதுதான்.

உம்மா கடிதத்தை வாங்கி, எழுத்துக் கூட்டி வாசித்து, மடித்து என் கையிலேயே தந்தா. "இத்தாவுல இரிக்கிற பொம்புள பஸ் ஏறிப் போறயா? எங்கயாவது கேள்விப்பட்ட கதையா?"

"தேவைக்குப் பகல்ல போகலாமோ எண்டு மௌலவிக்கிட்டக் கேட்டுப் பாக்கலாமே உம்மா."

"இதப் போய்க் கேக்கிறயா? கேட்டாலே ஊர் சிரிக்கும்."

அதோடு கதை முடிந்தது. கடிதத்தைத் தலையணை உறைக்குள் வைத்தேன்.

நாலைந்து நாள் போயிருக்கும், எங்கள் பள்ளிவாசல் மரைக்காரின் மனைவி வந்தா. மரைக்கார் என்றால் பள்ளி நிர்வாகத்தில் எங்கள் குடிக்காகப் பேசுகிறவர், ஊரில் பெரிய மனிசர். அவவை நாங்கள் மாமி என்றுதான் கூப்பிடுவோம். நல்ல மனசு, பெரிய சத்தம். அன்றைக்குச் சத்தம் இல்லை. கையில் வெள்ளைத் துணியில் சுற்றிய பொதி, முகம் வெளிறிக் கிடந்தது.

மூத்த மகன் சவூதியில் வேலைசெய்து லீவில் வந்திருந்தார், இரண்டு கிழமையில் அவருக்குக் கலியாணம். மாப்பிள்ளை வீட்டார்தான் பொண்ணுக்குக் கூறைச் சாறி கொண்டுபோக வேண்டும். தட்டத்தைத் திறக்கிற நேரம் பொண்ணு வீட்டுப் பொம்பிளைகள் முன்னால் கூறை மணக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்துப் பெருமை. வழமையில் சாம்பிராணிப் புகை பிடித்து, பன்னீர் தெளித்த துணியில் சுற்றுவார்கள். மாமியின் மகன் சவூதியிலிருந்து கறுப்பு அத்தர்க் குப்பி கொண்டுவந்திருந்தார். இருக்கிற அத்தரை விட்டுவிட்டுப் புகை பிடிக்கிறதா என்று மாமி குப்பியை எடுத்திருக்கிறா. ஒரு பொட்டு வைக்கப் போன இடத்தில் மூடி கழன்று விழுந்துவிட்டது.

விரித்துப் பார்த்தேன். அரக்குச் சிவப்புக் காஞ்சிபுரம், உள்ளங்கை அகலத்தில் சரிகைக் கரை. நடு உடலில், சரியாக முன்பக்கம் வருகிற இடத்தில், ஒரு தேங்காய்ச் சிரட்டை அளவுக்கு எண்ணெய்க் கறை, அதற்குப் பக்கத்தில் இரண்டு சிறிய கறை. அறை முழுக்க மணம். மூன்று மாதமாக எந்த மணமும் இல்லாமல் இருந்தவளுக்கு அது மூக்கில் ஏறித் தலையைச் சுற்றியது. எனக்கு அழவேண்டும் போலிருந்தது.

"எடுக்கலாமா புள்ள? இந்தியாவுல இருந்து எடுப்பிச்ச சாறி. இனி வேறொண்டுக்கு எங்க போற?"

"தண்ணி படுத்தினயா மாமி?"

"இல்ல. கை வைக்கவே பயம்."

"அப்ப எடுக்கலாம்."

உம்மா அறைக்குள் வந்து நின்றா. "அவள் இதத் தொட ஏலா. அத்தர் கையில ஒட்டும். இத்தாவுல இரிக்கிறவளுக்கு வாசம் ஹறாம்தானே."

உம்மா சொன்னது பிழையில்லை, மாமிக்கும் அது தெரியும். சாறியை என் பாயிலேயே விட்டுவிட்டு, "இந்தா வாறன்" என்று எழும்பிப் போனா. நடுப்பகல் ளுஹர் தொழுகை முடிந்து ஆட்கள் கலைகிற நேரம். ஒரு மணித்தியாலம் ஆகவில்லை, மாமி மூச்சிரைக்கத் திரும்பி வந்தா, பழைய சத்தமும் திரும்பி வந்திருந்தது. மரைக்கார் பள்ளியிலேயே மௌலவியிடம் கேட்டுவிட்டாராம். பூசிக்கொள்ளத்தான் கூடாது. தேவைக்காக ஒரு வேலையாகத் தொட்டால் குற்றமில்லை, வேலை முடிந்ததும் கையை நல்லாகக் கழுவிவிட வேண்டும்.

உம்மா தேத்தண்ணி ஊற்றக் குசினிக்குப் போனா.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அதைவிட ஆத்திரம் வந்தது. ஒரு சாறிக்குப் பத்வா வர ஒரு மணித்தியாலம். என் சீவியத்துக்கு ஒன்று கேட்கிறதென்றால் ஊர் சிரிக்கும். உம்மாவின் காலடிச் சத்தம் தூரமானதும் தலையணை உறைக்குள் கைவிட்டுக் கடிதத்தை எடுத்தேன்.

"மாமி, எனக்கும் ஒரு விசயம் கேட்டுச் சொல்லோணும். தேவைக்காக அத்தரத் தொடலாம் எண்டா, தேவைக்காகப் பகல்ல ஒரு நாள் வெளிய போய் வரலாமா?"

மாமி கடிதத்தை வாங்கித் தூரப் பிடித்துப் பார்த்தா, கண்ணாடி கொண்டுவரவில்லை. நான் வாசித்துக் காட்டினேன். "கேக்கிறன் புள்ள, இதென்ன பெரிய வேல" என்று என் கையைத் தட்டிவிட்டுப் போனா. கேட்டுச் சொன்னால்தான் சாறி தருவேன் என்று நான் சொல்லவில்லை. மனசுக்குள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கே வேலையைத் தொடங்கினேன். எண்ணெய்க் கறைக்கு என் கணவரின் கடையில் செய்கிறது முகப் பவுடர் தூவுவது, ஆனால் பவுடரும் மணக்கும், எனக்கு ஆகாது. படிப்பித்த காலத்தில் கரும்பலகையில் எழுதிய வெண்கட்டிகள் ஒரு பெட்டி என்னிடம் மிச்சமிருந்தன. அதை அம்மியில் மாவாக அரைத்துச் சலித்தேன். கறைக்குக் கீழே ஒரு பழைய துவாய், மேலே வெண்கட்டி மா. ஒரு நாள் அப்படியே விட்டால் மா எண்ணெயை உறிஞ்சி மங்கலாகும். மெல்லிய துணியால் இழையோட்டத்திலேயே தட்டி எடுத்துவிட்டுப் புது மா போட வேண்டும். தேய்த்தால் பட்டின் மினுக்கம் போய்விடும், அந்த இடம் மட்டும் செத்துப்போய்த் தெரியும். அவசரப்படவே ஏலாத வேலை. அதுவரை அவசரப்பட ஒன்றுமில்லாமல் இருந்த எனக்கு இப்போது ஒவ்வொரு மணித்தியாலமும் நெருக்கியது, காது தெருவாசல் படலையடியிலேயே இருந்தது.

மூன்றாம் நாள் பின்னேரம் படலையடியில் மாமியின் சத்தம் கேட்டது. உம்மாவும் அங்கே நின்றா. அந்தக் காலத்தில் எங்கள் முன் தெருவில் ஒரு அரிசி ஆலை இருந்தது, அது ஓடினால் பக்கத்தில் இருக்கிறவர் சொல்வதும் கேட்காது. ஜன்னல் கடதாசியில் காதை வைத்துப் பார்த்தேன். இரண்டு பொம்பிளைகள் கதைக்கிறார்கள் என்று மட்டும் தெரிந்தது. எழும்பிப் போய்ப் படலையடியில் நின்றிருக்கலாம், எண்ணி இருபது அடிதான். வாசல் சீலை வரைக்கும் போய் நின்றுவிட்டேன்.

உம்மா வந்து சீலைக்கு அந்தப் பக்கம் நின்றபடியே சொன்னா. "மரைக்கார்ர பொஞ்சாதி வந்திட்டுப் போறா. மௌலவி ஏலா எண்டிட்டாராம்."

"ஏன் உள்ள வரல்ல?"

"கலியாண வீட்டு வேல. அவசரமாம்."

"ஏன் ஏலாண்டு சொன்னவராம்?"

"ஏலா எண்டா ஏலாதான். அதுக்கு மேல என்னத்தச் சொல்லுற?"

நான் நம்பினேன். அல்லாஹ்வின் சட்டம் அப்படியென்றால் அப்படித்தான் என்று என்னைச் சமாதானப்படுத்தப் பார்த்தேன், அடங்கவில்லை. முழங்காலுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். என் கண்ணீர் சாறியில் பட்டுவிடக் கூடாதென்று அதைத் தள்ளி வைத்துவிட்டு அழுதேன் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் கோபம் வருகிறது.

நேர்முகம் நடக்கிற அன்றைக்குக் காலையில், மட்டக்களப்பு பஸ் எங்கள் சந்தியில் ஹோன் அடித்தது. அந்த நேரம் நான் கூறையைப் பாயில் விரித்துக்கொண்டிருந்தேன். ஐந்து முறை வெண்கட்டி மாற்றியாகிவிட்டது, வெளிச்சத்துக்குப் பிடித்தால் மட்டும் ஒரு மெல்லிய நிழல். அதற்கு மேலும் கீழும் பொதி சுற்றுகிற தடித்த கடதாசியை வைத்து, சிரட்டைக் கரி போட்ட அயன்பெட்டியை இளஞ்சூட்டில் வைத்து எடுத்தால் மிச்ச எண்ணெய் கடதாசிக்கு ஏறும். உள்ளங்கையை அயன்பெட்டிக்குக் கிட்டப் பிடித்துச் சூடு பார்த்தேன். சூடு கூடியிருந்தது. அப்படியே கொஞ்சம் வைத்துவிட்டால் போதும், கடதாசியோடு சேர்த்து மாமியின் பெருமையும் கருகும். ஏன் இந்த ஊரின் சாறி மட்டும் நல்லாக இருக்க வேண்டும் என்று ஒரு நினைப்பு வந்தது, அதை நான் மறைக்கப் போவதில்லை. பஸ் கியர் மாற்றிப் போகிற சத்தம் ஓயும்வரைக்கும் அயன்பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி இருந்தேன். கை கடுத்தது. பிறகு சூடு தணிய விட்டு, வேலையை ஒழுங்காக முடித்தேன். கறை எங்கே இருந்தது என்று எனக்கே தேட வேண்டியிருந்தது.

மறுநாள் மாமியின் தங்கை வந்து சாறியை வாங்கிப் போனா. கலியாணம் நடந்தது. பொண்ணு வீட்டில் கூறையைத் திறந்தபோது மணந்ததாம், ஆனால் ஒரு குறையும் தெரியவில்லையாம். எனக்குப் புரியாணி வந்தது.

இத்தா முடிந்த அன்று, முழுகி, அறைவாசல் சீலையைக் கழற்றி, சொந்தக்காரப் பொம்பிளைகளெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு, பின்னேரம் மாமி வந்தா. எனக்கென்று ஒரு சாம்பல் நிறச் சாறியும் தின்பண்டத் தட்டும் கொண்டுவந்திருந்தா. என் கன்னத்தைத் தடவி, நெற்றியில் கொஞ்சிவிட்டு உட்கார்ந்தா. உம்மா தேத்தண்ணிக் கோப்பைகளோடு வந்து பக்கத்தில் நின்றா.

"நேர்முகம் எப்பிடிப் புள்ள? நல்லாக் கேட்டாங்களா?"

"போகல்ல மாமி."

"ஏன் போகல்ல? பகல்ல போய்ப் பொழுதுபட முந்தி வீட்ட வந்தாச் சரி எண்டுதானே மௌலவி சொன்னவர்? அழகா உடுக்காமப் போகட்டும், தேவதானே எண்டவர். எங்கட கார அனுப்புறன் எண்டும் நான் உம்மாட்டச் சொன்..."

மாமி அதோடு நிறுத்திவிட்டா. உம்மாவின் முகத்தைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, மருமகள் தனியா இரிக்காள் என்று ஏதோ சொல்லி, தேத்தண்ணி குடிக்காமலே எழும்பிப் போனா.

நாங்கள் இருவரும் இருந்தோம். அந்தச் சாம்பல் சாறி எங்களுக்கு நடுவில் கிடந்தது.

"உம்மா, மௌலவி ஓமெண்டா சொன்னவர்?"

"ஓம்."

மறைக்கவில்லை. அழவுமில்லை. கோப்பைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டே சொன்னா. "மௌலவி சொன்னா ஊர் வாய மூடுமா? புருஷன் மவுத்தாகி நாலு மாசம் முடியல்ல, மூத்தவள் பஸ் ஏறிட்டாள் எண்டு கதைப்பாங்க. எனக்கு இன்னும் ரெண்டு குமர் இரிக்கி. அதுகள ஆரு வந்து கேப்பான்? நீ எனக்கு ஒராள், அதுகள் ரெண்டு."

கணக்குச் சரியாகத்தான் இருந்தது. அதுதான் எனக்குத் தாங்க ஏலாமல் இருந்தது.

தங்கைமார் இருவருக்கும் நல்ல இடத்தில் கலியாணம் நடந்தது. இருவருடைய கூறையையும் நான்தான் மடித்து வைத்தேன். எனக்கு அடுத்த நேர்முகக் கடிதம் வரவில்லை. மறுகலியாணம் பேசி வந்தார்கள், நான் ஓம் சொல்லவில்லை. தெருப் பொம்பிளைகளின் பட்டுச் சாறிகள் வந்துகொண்டே இருந்தன, அதில்தான் என் கைச்செலவு ஓடியது. வாப்பா மவுத்தான பிறகு நானும் உம்மாவும் மட்டும் அந்த வீட்டில். எட்டு வருஷத்தில் அந்தக் கடிதத்தைப் பற்றி ஒரு நாளும் கதைக்கவில்லை. உப்புக் கூடினதா என்று கேட்போம், மழை வருமா என்று கேட்போம்.

கடைசியில் உம்மா படுக்கையில் விழுந்தா. ஊட்டியதும் துடைத்ததும் நான்தான். யார் வந்து நின்றாலும் இன்னார் என்று மட்டுக்கட்ட அவவுக்கு ஏலாமல் போன நாட்கள் அவை. ஒரு காலை, கஞ்சி எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். உம்மா கண்ணைத் திறந்து என்னையே பார்த்தா. என் மணிக்கட்டைப் பிடித்து, இருந்த பலத்தையெல்லாம் சேர்த்துத் தள்ளினா.

"ஏன் இன்னும் இரிக்காய்? இண்டைக்குத்தானே ஒனக்கு நேர்முகம். பஸ் போயிரும், ஓடு."

"போறன் உம்மா" என்றேன். கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. கரண்டியால் கலக்கியபடி அங்கேயே இருந்தேன்.